பெரிய மாப்பிள்ளை தூங்குகிறார்

லிஃப்ட்காரனைப் பார்த்து 'உனக்குப் பொறாமை' என்று யாராவது சொன்னால் சண்டைக்கு வருவான். வரட்டும். வேறு என்ன பேர் வைப்பதாம் அதற்கு? மாமனார் வீட்டு மாடியில் ஒரு கம்ப்யூட்டர் தூங்குகிறது. அதைத் தட்டி எழுப்புவது இவன் வேலை. அந்த வேலையைச் சகலை பிடுங்கிக்கொண்டான் என்று, சாப்பாடு தொண்டையில் இறங்காமல் திரிந்தான் மனுஷன். இதில் வார்த்தையை மென்று விழுங்க என்ன இருக்கிறது?

அவன் தொழில் லிஃப்ட் பழுது பார்ப்பது. ஊரில் பாதிப் பேர் மேலே ஏறுவதும் கீழே இறங்குவதும் அவன் கையில் இருக்கிறது. ஆனால் சொந்த மாமனார் வீட்டு வாசற்படி ஏற அவனுக்குப் பல வருஷம் பிடித்தது. மூத்த மகளைக் காதலித்து, வீட்டில் யாரையும் கேட்காமல் கட்டிக்கொண்டவன். மாமனாரோ கட்டட பிளான் வரைகிறவர். ஒரு கோடு மயிரிழை விலகினாலும் மொத்தத்தையும் அழித்துவிட்டு முதலிலிருந்து வரைகிற ஆள். அவர் போட்ட பிளானில் இல்லாத ஒருவன் குடும்பத்துக்குள் வந்து நின்றதை அவரால் ஜீரணிக்க முடியவில்லை. என் முகத்தில் முழிக்காதே என்றுகூட அவர் சொல்லவில்லை. சொன்னால் பேசியதாக ஆகிவிடுமே.

சின்ன மகளுக்கு அவரே அலைந்து, நாலு பேரை விசாரித்து, பார்த்துப் பார்த்துத் தேடிய மாப்பிள்ளைதான் சகலை. ஏதோ பெரிய அலுவலகத்தில் நெட்வொர்க் வேலை. அவன் உள்ளே நுழைந்தால் போதும், 'வாங்க மாப்பிள்ளை, உக்காருங்க மாப்பிள்ளை' என்று மாமனார் வாய் நிறையக் கூப்பிடுவார்.

இப்படி இருந்த வீட்டுக்குள் லிஃப்ட்காரன் எப்படி வந்தான் என்றால், மாமனாரின் முழங்கால் வழியாக வந்தான். இரண்டு மூட்டும் தேய்ந்துபோய், இனி மாடிப்படி பக்கமே போகக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவர் வேலை செய்கிற கம்ப்யூட்டர் மாடியறையில் இருந்தது. அது போடுகிற இரைச்சலுக்கு அதைக் கீழே கொண்டுவந்து வைத்தால் வீட்டில் மனுஷர் குடியிருக்க முடியாது. முன்பு அவரிடம் வேலை பார்த்த பெண் ஒருத்தி, கீழே ஒரு சின்ன லேப்டாப்பில் மாடிக் கம்ப்யூட்டரின் திரை அப்படியே தெரிகிற மாதிரி செய்து கொடுத்துவிட்டுப் போயிருந்தாள். கூடத்தில் உட்கார்ந்தபடியே மாமனார் பிளான் வரையலாம். ஒரே ஒரு தொல்லை. கொஞ்ச நேரம் யாரும் தொடாமல் விட்டால் மேலே இருப்பது தூங்கிவிடும். தூங்கிவிட்டால் யாராவது படியேறிப் போய் ஒரு பட்டனைத் தட்டினால்தான் எழும்பும்.

அப்போதுதான் மாமியார் லிஃப்ட்காரனுக்கு போன் போட்டாள். "தம்பி, அவருக்கு மாடி ஏற முடியலை. வேலை முடிஞ்சு வீட்டுக்குப் போற வழியில, ஒரு எட்டு வந்து அதை எழுப்பி விட்டுட்டுப் போறீங்களா?"

கேட்க வேண்டுமா? ஓடி வந்தான்.

அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் வந்துவிடுவான். மாமனார் அவனோடு பேச ஆரம்பித்தார். பேச்சு என்றால் தனி ரகப் பேச்சு. 'வந்தாச்சா?' என்பார். 'மேல போகணும்' என்பார். 'காப்பி குடிச்சாச்சா?' என்பார். யார் வந்தது, யார் குடித்தது என்பதே அதில் இருக்காது. 'வா' என்றால் உரிமை, 'வாங்க' என்றால் மரியாதை. இரண்டையும் கொடுக்க மனசு வராதவருக்கு நம் மொழி இப்படி ஒரு சந்து வைத்திருக்கிறது, அவர் அதிலேயே புகுந்து புகுந்து போனார். மாப்பிள்ளை என்ற சொல் அவன் பக்கம் ஒரு நாளும் வந்ததில்லை.

ஆனாலும் அவனுக்கு உச்சி குளிர்ந்துதான் போயிருந்தது. படியேறுவான். மொட்டை மாடியில் துணி காய்ந்துகொண்டிருக்கும். மழை வருகிற மாதிரி இருந்தால் அதையும் உருவி மடக்கித் தோளில் போட்டுக்கொள்வான். மாடியறைக்குள் போய் பட்டனைத் தட்டுவான். மின்விசிறி உறுமிக்கொண்டு கிளம்பும். "எழும்பிடுச்சு மாமா" என்று மேலிருந்து குரல் கொடுப்பான். கீழே வந்தால் மாமியார் காப்பி வைத்திருப்பாள். மாமனார் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து பிளானைப் பார்ப்பான். "இந்த இடத்துல லிஃப்ட் குழிக்கு எவ்வளவு விடணும்?" என்று மாமனார் சுவரைப் பார்த்துக் கேட்பார். இவன் பதில் சொல்வான். மறுநாள் அந்தக் கோடு அவன் சொன்னபடி நகர்ந்திருக்கும். முந்தின நாள் பார்த்த பிளானில் மறுநாள் ஒரு மாடியே முளைத்திருக்கும். சாயங்காலம் மட்டும் வேலை பார்த்து இவ்வளவு வரைகிறாரே, என்ன கை வேகம் என்று வாயைப் பிளப்பான்.

அவன் மனைவி ஆஸ்பத்திரியில் நர்ஸ், சாயங்கால ஷிஃப்ட். வீட்டுக்குப் போனால் பூட்டுதான் வரவேற்கும். அதனால் அந்தக் காப்பியும் அந்த நாற்காலியும் அவனுக்கு எவ்வளவு பெரிசு என்று சொல்லத் தேவையில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். அந்தக் கம்ப்யூட்டரைத் தூங்காமலே இருக்கும்படி மாற்றி வைக்கலாம். பெரிய வித்தை ஒன்றும் இல்லை. லிஃப்ட்டின் மூளையையே கழற்றி மாட்டுகிறவனுக்கு அது தெரியாதா? தெரியும். வாயைத் திறந்தானா? திறக்கவில்லை. தன் பிழைப்பில் தானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொள்ள அவனுக்கென்ன பைத்தியமா?

அப்படியிருக்க, ஒரு விடுமுறை நாளில் சகலை வந்து இறங்கினான். சின்னவளுக்குப் பிரசவ நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. மாமியார் அங்கே போய்க் கொஞ்ச நாள் தங்குவதாக ஏற்பாடு. அதைப் பேசத்தான் வந்திருப்பான் என்று லிஃப்ட்காரன் நினைத்தான். வழக்கம்போல் சாயங்காலம் போய் வாசலில் ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தான். ஜன்னல் திறந்திருந்தது.

"பெரிய மாப்பிள்ளை தூங்குறாரு போல," என்றது மாமனார் குரல்.

லிஃப்ட்காரனுக்கு ஒரு கால் ஷூ கையிலேயே நின்றுவிட்டது. மாமனார் வாயிலிருந்து பெரிய மாப்பிள்ளை. தன்னைத்தான். வேறு யார் பெரிய மாப்பிள்ளை இந்த வீட்டில்?

"எழுப்புங்க மாமா," என்றான் சகலை. "ஒரு அமுக்கு அமுக்குங்க, எழும்பிடுவாரு."

"எழும்பலையே."

"மண்டை கொஞ்சம் பழசு மாமா. சூடேற நேரம் பிடிக்கும்."

மாமியார் சிரிப்பதும் கேட்டது. லிஃப்ட்காரனின் முகத்தில் ஈயாடவில்லை. அப்படியே திரும்பிப் போய்விடலாம் என்று பார்த்தான். ஆனால் ஒரு கால் வெறுங்கால். கழற்றியது கழற்றியாயிற்று என்று உள்ளே போனான்.

மாமனார் கையில் போன். அதில் சகலையே உட்கார்ந்து எழுதிய ஒரு சின்ன ஆப். நடுவில் கொட்டை எழுத்தில் 'பெரிய மாப்பிள்ளை'. அதன் கீழே 'தூக்கம்'. பக்கத்தில் 'எழுப்பு' என்று ஒரு பட்டன். மாமனார் அதை அழுத்தியதும், மாடியில் அந்த மின்விசிறி உறுமுவது கூடத்துக்குக் கேட்டது. 'தூக்கம்' போய் 'விழிப்பு' வந்தது. இத்தனை நாள் இவன் படியேறிப் போய்ச் செய்த வேலை இவ்வளவுதான்.

"வாங்க சகலை," என்று சகலை எழுந்து நின்றான். "இனிமே உங்களுக்கு மாடி ஏறுற வேலை மிச்சம். பார்த்தீங்களா?"

"பார்த்தேன், பார்த்தேன். பேரு நல்லா வச்சிருக்கீங்க."

"பேரு மாமா வச்சது."

மாமனார் சட்டென்று லேப்டாப் பக்கம் திரும்பிக்கொண்டார். "ஏதோ ஒரு பேரு," என்று முனகினார்.

"அங்க யாரும் தொடாம அது எப்படி எழும்புது?" என்று மாமியார் கேட்டாள்.

"முழுசாத் தூங்காது அத்தை. அதோட முதுகுப் பக்கம் வயர் மாட்டுற இடத்துல ஒரு சின்ன பச்சை விளக்கு எரிஞ்சுக்கிட்டே இருக்கும். அந்த ஒரு காதை மட்டும் திறந்து வச்சிருக்கும். ஒவ்வொரு மெஷினுக்கும் பொறக்கும்போதே ஒரு நம்பர் உண்டு. அந்த நம்பரைப் பதினாறு தடவை திரும்பத் திரும்பச் சொன்னா, நம்மளைத்தான் கூப்பிடுறாங்கன்னு எழும்பிடும்."

"பதினாறு தடவையா?"

"ஒரே மூச்சுல அத்தை. கண்ணை மூடித் திறக்குறதுக்குள்ள."

"இத்தனை நாளா வைஃபையிலதானே ஓடுச்சு? இப்ப எதுக்குப் புதுசா வயர்?" என்று லிஃப்ட்காரன் கேட்டான். படிக்கட்டுக் கைப்பிடியை ஒட்டி ஒரு நீல வயர் மேலே ஏறிப் போயிருந்ததை அவன் நுழையும்போதே பார்த்துவிட்டான்.

"முழிச்சிருக்கிறப்ப வைஃபை போதும் சகலை. தூங்குறப்ப காத்துல கூப்பிட்டா அதுக்குக் கேட்காது. வயர்ல கூப்பிட்டாத்தான் கேட்கும்."

லிஃப்ட்காரன் காப்பியைக் குடித்தான். அது எந்த வழியாகப் போனது என்று அவனுக்கே தெரியாது. ஒரு தகரப் பெட்டியை ஒரே மூச்சில் பதினாறு தடவை கூப்பிடுகிறார்கள். தன்னை ஒரு தடவை கூப்பிட இந்த மனுஷருக்கு இத்தனை வருஷத்தில் வாய் வரவில்லை. கடைசியில் அந்த மாப்பிள்ளைப் பட்டத்தையும் பெட்டிக்கே தூக்கிக் கொடுத்துவிட்டார். வயிறு எரியாமல் என்ன செய்யும்?

மறுநாள் காலையில் மனைவியிடம் கொட்டித் தீர்த்தான். அவள் தலை வாரிக்கொண்டே கேட்டாள்.

"ஒரு மெஷின் மேலயா உங்களுக்குப் பொறாமை?"

"மெஷின் மேல யாருக்குப் பொறாமை? உங்கப்பாவுக்கு என்னைப் பார்த்தா எவ்வளவு இளக்காரம் பாரு. பெரிய மாப்பிள்ளை தூங்குறாராம். மண்டை பழசாம்."

"எங்கப்பாவுக்குக் கிண்டல் பண்ணத் தெரியாது. தெரிஞ்சிருந்தா எங்கம்மா கொஞ்சம் சந்தோஷமா இருந்திருப்பாங்க."

"எல்லாம் உன் தங்கச்சி வீட்டுக்காரர் வேலை. வந்தாரு, வயரை இழுத்தாரு, என்னை வெளிய தள்ளிட்டாரு. இனிமே நான் எதுக்கு அங்க போறது?"

"வேலை இருந்தாத்தான் போகணுமா? சும்மா போய் உக்கார்ந்துட்டு வாங்க."

"சும்மாவா? உங்கப்பா வீட்டுக்கு நானா? சும்மாவா?" அந்த ஒரு சொல்லையே மூன்று தடவை கேட்டுவிட்டு ஷூவை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டான்.

சாயங்காலம் ஆனதும் கால் கேட்கவில்லை, தானாக அந்தத் தெருவுக்குத் திரும்பியது. மாமனார் ஏற்கெனவே பிளானைத் திறந்து வைத்து வரைந்துகொண்டிருந்தார். "வந்தாச்சா?" என்றார். அதற்கப்புறம் 'மேல போகணும்' என்று வர வேண்டும். வரவில்லை. லிஃப்ட்காரன் உட்கார்ந்தான். எழுந்தான். ஜன்னலைச் சாத்தினான். திறந்தான். வேலையில்லாத கையை எங்கே வைத்துக்கொள்வது என்று அவனுக்குப் புரியவில்லை. மாமியார் காப்பி கொண்டுவந்தாள். ஏதோ விருந்தாளிக்குக் கொடுக்கிற காப்பி மாதிரி இருந்தது அவனுக்கு.

"மேல துணி எடுக்கணுமா அத்தை?"

"எடுங்களேன் தம்பி."

மேலே போனான். துணியை எடுத்தான். மாடியறைக்குள்ளும் போனான். கம்ப்யூட்டரின் முதுகில் அந்த நீல வயர் மாட்டியிருந்தது, பக்கத்தில் பச்சை விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தது. இவனுக்கு வயர் என்றால் சொல்லிக்கொடுக்க வேண்டுமா? முழுக்க உருவினால் யாருக்கும் தெரிந்துவிடும். கொக்கி விடுபடுகிற அளவுக்கு மட்டும் பின்னால் இழுத்தான். பார்த்தால் மாட்டியிருக்கிற மாதிரியே இருக்கும். பச்சை விளக்கு அணைந்தது. கீழே மாமனாரின் வேலை நிற்கவில்லை. முழித்திருப்பதற்குத்தான் வைஃபை போதுமே. தூங்கின பிறகு யார் கூப்பிட்டாலும் அதற்குக் கேட்காது. தப்பு என்று மனசுக்குள் ஒரு குரல் வந்தது. அதன் தலையில் ஒரு குட்டு வைத்து உட்கார வைத்துவிட்டுத் துணியோடு கீழே இறங்கினான்.

மறுநாள் மதியமே மாமியாரிடமிருந்து போன். "தம்பி, என்னமோ தெரியலை, போன்ல அமுக்கினா எழும்ப மாட்டேங்குது. சாயங்காலம் வந்துடுறீங்களா?"

லிஃப்ட்காரனுக்குத் தலைகால் புரியவில்லை. அன்றைக்கு ஒரு கட்டடத்தில் இரண்டு மாடிக்கு நடுவில் மாட்டிக்கொண்டவர்களைக்கூடச் சிரித்த முகத்தோடு வெளியே எடுத்தான். சாயங்காலம் போய், படியேறி, பட்டனைத் தட்டி, "எழும்பிடுச்சு மாமா" என்று முன்னைவிடச் சத்தமாகக் கத்தினான். வயரைத் தொடவில்லை. அதற்கு அடுத்த நாளும் அதே கதை. அதற்கு அடுத்த நாளும். "புது சாமான் எல்லாம் இப்படித்தான் மாமா. நம்பி இருக்க முடியாது," என்று காப்பியை உறிஞ்சியபடி நல்லவன் மாதிரி சொன்னான்.

மாமனார் போனில் சகலையைக் கூப்பிட்டுக் கேட்பதும் அவன் காதில் விழும். சகலை அங்கிருந்தே அதைப் பார், இதைப் பார் என்று சொல்வான். மாமனார் பார்த்துவிட்டு, "எல்லாம் இருக்கு, எழும்பலை" என்று வெடுக்கென்று சொல்வார். 'மாப்பிள்ளை' என்ற சொல் அந்தப் பேச்சில் மெல்ல மெல்லக் குறைந்துகொண்டே வந்ததை லிஃப்ட்காரன் கவனித்தான். கவனிக்கக் கவனிக்க அவனுக்கு இனித்தது.

மாமியாரை அழைத்துப் போக சகலை வந்த நாள். லிஃப்ட்காரனும் பெட்டி தூக்க உதவுகிறேன் என்ற சாக்கில் வந்திருந்தான். அன்றைக்குள் மாமனார் ஒரு பிளானை அனுப்பியாக வேண்டும். வீடு கட்டுகிறவர் இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டார். மேலே கம்ப்யூட்டர் தூங்கிக்கொண்டிருந்தது. சகலை போனை வாங்கி அழுத்தினான். மறுபடி அழுத்தினான். 'பெரிய மாப்பிள்ளை, தூக்கம்' என்றே நின்றது. அவன் நெற்றி வேர்த்தது.

"எல்லாம் சரியாத்தான் மாமா வச்சுட்டுப் போனேன்."

"சரியா வச்சா இப்படி ஆகுமா?" மாமனார் குரல் உயரவில்லை. உயராததுதான் பயம். "தெரியாத வேலையில கை வைக்கக் கூடாது. இவ ஊருக்குப் போனப்புறம் நான் இதை வச்சுக்கிட்டு என்ன பண்றது?"

சகலை தலையைக் குனிந்துகொண்டான். பார்த்துப் பார்த்துத் தேடிய மாப்பிள்ளையை மாமனார் இப்படிப் பேசி லிஃப்ட்காரன் கேட்டதில்லை. இதைத்தானே ஆசைப்பட்டான்? ஆனால் அந்தக் குனிந்த தலையைப் பார்த்தபோது என்னவோ ருசிக்கவில்லை. பல வருஷம் முன்பு இதே கூடத்து வாசலில் தான் நின்ற நிற்பு அது. அவனுக்கு நன்றாகத் தெரியும் அந்த நிற்பு.

"நான் மேல போய்ப் பார்க்கறேன்," என்றான் சகலை.

லிஃப்ட்காரனுக்குப் பகீரென்றது. "நீங்க இருங்க, நான் போறேன்," என்று அவனை முந்திக்கொண்டு இரண்டிரண்டு படியாகத் தாவினான். சத்தமில்லாமல் வயரைத் தள்ளி மாட்டிவிட்டால் போதும். லூஸாக இருந்தது என்று சொல்லிச் சமாளித்துவிடலாம்.

மாடியறைக்குள் போய்ப் பெட்டியின் முதுகைத் திருப்பினான். பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. வயர் கொக்கி வரை அழுத்தி மாட்டப்பட்டிருந்தது. அது திரும்ப நழுவாதபடி பக்கத்துக் கம்பியோடு சேர்த்து ஒரு துணிக் கிளிப் போட்டிருந்தது. மஞ்சள் கிளிப். மொட்டை மாடிக் கொடியிலிருந்து அவன் தினமும் கழற்றுகிற அதே கிளிப்.

"இப்பதான் மாட்டினேன்," என்றது பின்னால் ஒரு குரல்.

மாமியார் மொட்டை மாடிக் கதவருகில் துணி வாளியோடு நின்றுகொண்டிருந்தாள்.

"அத்தை, நீங்க மாடி ஏறுவீங்களா?"

"இவ்வளவு நாளா இங்க காயுற துணியை யாரு போட்டான்னு நினைச்சீங்க தம்பி?"

எத்தனை நாள் இந்தத் துணியை எடுத்து மடித்திருக்கிறான். யார் இதை மேலே கொண்டுவந்து காயப்போட்டது என்று ஒரு நாளாவது அவன் மண்டையில் உதித்ததா?

"காலையில இதைத் தட்டி எழுப்புறது நான்தான். பகல் முழுக்க அவரு வரையுறாரு. மத்தியானம் தூங்கிப் போனா மறுபடி நான் வந்து எழுப்புவேன். சாயங்காலம் மட்டும் எழுப்ப மாட்டோம். நீங்க வரணுமில்ல."

"மாமாவுக்கும் தெரியுமா?"

"அவரு சொல்லித்தானே அன்னைக்கு உங்களுக்குப் போன் போட்டேன். மகளோட வீட்டுக்காரரை வாங்கன்னு கூப்பிட அவருக்கு வாய் வரலை. கால் வலிச்சது நல்லதாப் போச்சு." வாளியைக் கீழே வைத்தாள். "இப்ப நான் ஊருக்குப் போறேன். காலையில யாரு எழுப்புறது? அதுக்குத்தான் சின்னவர் இதைச் செஞ்சு கொடுத்தாரு. உங்களை விரட்ட இல்லை."

"அப்ப அந்தப் பேரு?"

"அதுவா?" மாமியார் சிரித்தாள். "இத்தனை வருஷம் கழிச்சு திடீர்னு மாப்பிள்ளைன்னு கூப்பிட அவருக்கு வெக்கமா இருக்காம். முதல்ல மெஷினை வச்சு வாயைப் பழக்கிக்கிறாரு. தினம் நீங்க வர்றதுக்கு முன்னாடி எடுத்து வச்சுக்கிட்டு, பெரிய மாப்பிள்ளை, பெரிய மாப்பிள்ளைன்னு அவரு சொல்றதைக் கேட்டா எனக்கே சிரிப்பா வரும்."

அவன் அந்தக் கிளிப்பையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"வயர் வெளிய வந்திருந்ததை மறுநாளே பார்த்துட்டேன் தம்பி. செஞ்சவரே மாட்டட்டும்னு விட்டேன். முந்தாநாள் நான் கடைக்குப் போயிருந்த நேரம், போன்ல எழும்பலைன்னு அவரே படியேறப் பார்த்திருக்காரு. நான் வந்து பார்த்தா பாதிப் படியில வலி தாங்காம உக்கார்ந்திருந்தாரு. அப்பவும் உங்க பேரை நான் சொல்லலை. சொல்ல வேண்டியது நான் இல்லை."

கோபமாகத் திட்டியிருந்தால்கூட அவன் தாங்கியிருப்பான். அவமானம் காது வரை சுட்டது.

கீழே சகலை மறுபடி அழுத்தியிருப்பான் போல, பெட்டியின் மின்விசிறி உறுமிக்கொண்டு கிளம்பியது. கீழேயிருந்து மாமனார் குரல் வந்தது. "பெரிய மாப்பிள்ளை எழும்பிட்டாரா?"

மாமியார் லிஃப்ட்காரனின் முகத்தைப் பார்த்தாள். "இப்பதான் எழும்பினாரு," என்று கீழே குரல் கொடுத்தாள்.

அவன் இறங்கி வந்தபோது சகலை போனைப் பார்த்துக்கொண்டு நின்றான். 'விழிப்பு' என்று வந்திருந்தது. அவன் முகத்தில் உயிர் திரும்பியிருந்தது.

"என்ன சகலை பண்ணீங்க?"

"நான் ஒண்ணும் பண்ணலை. பண்ணினது முன்னாடி." லிஃப்ட்காரன் மாமனார் நாற்காலிக்கு எதிரில் போய் நின்றான். உட்காரவில்லை. "அவரு வேலையில ஒரு தப்பும் இல்ல மாமா. வயரை இழுத்து விட்டது நான்தான். எழும்பாம இருந்தாத்தானே என்னைக் கூப்பிடுவீங்கன்னு பண்ணிட்டேன். நீங்க படியேறப் போவீங்கன்னு நினைக்கலை. சகலை, என்னை மன்னிச்சுடுங்க."

மாமனார் லேப்டாப்பையே பார்த்தார். சகலைதான் முதலில் வாயைத் திறந்தான்.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே கழட்டிக் கொடுத்திருப்பேனே சகலை." சொல்லிவிட்டுக் கொஞ்சம் தயங்கினான். குரலில் கோபமும் இருந்தது. "உண்மையைச் சொல்லணும்னா எனக்கும் உங்க மேல வயித்தெரிச்சல்தான். நான் வந்தா சோஃபாவும் காப்பியும். மரியாதைக்கு ஒரு குறையும் இல்லை. ஆனா பக்கத்துல உக்கார வச்சு என்கிட்ட ஒரு நாளாவது ஒரு கோடு எங்க போடணும்னு மாமா கேட்டிருக்காரா?"

லிஃப்ட்காரன் அவனை ஏற இறங்கப் பார்த்தான். தன்னைப் பார்த்து ஒருவன் பொறாமைப்படுவான் என்று அவன் கனவிலும் நினைத்ததில்லை. அதுவும் இவன்.

மாமனார் பிளானை முடிக்கட்டும் என்று அவன் வாசலுக்கு நகர்ந்தான். இனி மாடியில் அவனுக்கு வேலை இல்லை. வயரைக் கிளிப் பிடித்துக்கொண்டிருக்கிறது. போனில் ஒரு அமுக்கு போதும். குனிந்து ஷூவை மாட்ட ஆரம்பித்தான்.

"நாளைக்கு வரணும்," என்றார் மாமனார் உள்ளேயிருந்து. யார் வரணும் என்பது வழக்கம்போல் அதில் இல்லை.

"என்ன வேலை மாமா?"

நாற்காலி பின்னால் நகர்கிற சத்தம். சுவரைப் பிடித்து, மேஜையைப் பிடித்து, அந்த முழங்காலை இழுத்துக்கொண்டு மாமனார் வாசல் நிலை வரை நடந்து வந்தார். அவன் முகத்தைப் பார்த்தார். உதடு ஒரு தடவை அசைந்து மூடிக்கொண்டது.

"வேலை ஒண்ணும் இல்ல," என்றார். "சும்மா வாங்க மாப்பிள்ளை."

லிஃப்ட்காரன் கையிலிருந்த ஷூ லேஸை விட்டான். பிறகு மாட்டிய ஷூவைத் திரும்பக் கழற்றி, ஓரமாக வைத்துவிட்டு உள்ளே வந்தான்.